ஈசிஜி நார்மல்தானே, அப்புறம் எதுக்கு ஆஞ்சியோ?

கேள்வி: டாக்டர், எங்க வீட்டுக்காரருக்கு 54 வயசு, காசிமேடு ஹார்பர்ல லோடு இறக்குற வேலை, சுகர் இருக்கு. கொஞ்ச நாளா வெயிட் தூக்குனா நெஞ்சு இறுக்குது, உக்காந்தா விட்டுடுது. ஈசிஜி நார்மல், ஆனா ட்ரெட்மில் டெஸ்ட்ல கோளாறு தெரியுது, ஆஞ்சியோ எடுங்கன்றாங்க. உள்ள போனா ஸ்டென்ட் வெக்காம விடமாட்டாங்கன்னு தெருவுல பயமுறுத்துறாங்க. அவருக்கு இறால் ஒத்துக்காது, டை மருந்து போடலாமா?
- வாசகி, புது வண்ணாரப்பேட்டை

பதில்: ஈசிஜி நார்மல்னு நிம்மதியா இருந்துடாதீங்கம்மா. படுத்துக்கிட்டு எடுக்கும்போது இதயத்துக்கு வேலை கம்மி, அடைப்பு இருக்குற ரத்தக்குழாய் கூட சமாளிச்சிடும், அவரு மூட்டை தூக்கும்போதுதான் ரத்தம் பத்தாம நெஞ்சு இறுக்குது, அதைத்தான் ட்ரெட்மில் காட்டிக் குடுத்திருக்கு. ஆனா எந்த குழாய்ல, எந்த இடத்துல, எவ்ளோ அடைப்புன்னு அது சொல்லாது. மணிக்கட்டு இல்லனா தொடை வழியா மெல்லிசு டியூப் விட்டு, டை செலுத்தி எக்ஸ்ரேல பாத்தாதான் தெரியும், அதுதான் ஆஞ்சியோ. சிலருக்கு சிடி ஆஞ்சியோவே போதும், ஆனா குழாய்ல கால்சியம் நிறைய படிஞ்சிருந்தா அதுல படம் தெளிவா வராது.

அடைப்பை பாக்குற ஆஞ்சியோ வேற, அடைப்பை விரிச்சு ஸ்டென்ட்ங்கிற சின்ன வலைக்குழாய் வெக்கிற ஆஞ்சியோபிளாஸ்டி வேற. 2020ல வெளிவந்த 'இஸ்கீமியா'ங்கிற பேரு வெச்ச இதய ஆய்வுல 5,179 பேரை பாத்தாங்க, இவரை மாதிரி உழைச்சா மட்டும் வலி வர்றவங்கதான் நிறைய பேரு, மாத்திரையோட ஆரம்பிச்சவங்களுக்கும் உடனே ஸ்டென்ட், பைபாஸ் ஆபரேஷன்னு போனவங்களுக்கும் சாவுல பெரிய வித்தியாசம் இல்ல, வலி குறையுறதுலதான் ஸ்டென்ட், பைபாஸ் பக்கம் நல்ல பலன். ஆனா இடது பக்க மெயின் குழாய்லயே அடைப்புன்னா கதை வேற, அங்க மாத்திரைய நம்பி உக்காரக் கூடாது. அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி, ஆஞ்சியோவுக்கு மட்டுமா இல்ல ஸ்டென்டுக்கும் சேர்த்தான்னு கேளுங்க, ரிசல்ட் பாத்து பேசிட்டு முடிவு பண்றோம்னு தைரியமா சொல்லலாம், அது உங்க உரிமை.

இந்த நிதானமெல்லாம் இப்ப மட்டும்தான். சும்மா இருக்கும்போதே வலி வந்து, வேர்த்து கொட்டி, கை தாடைக்கு பரவுனா யோசிக்கவே வேணாம், 108க்கு போன் போடுங்க. ஹார்ட் அட்டாக்னா ட்ரெட்மில் எல்லாம் கிடையாது, நேரா ஆஞ்சியோதான், அப்ப அடைப்பை உடனே திறக்குறதுதான் உயிரை காப்பாத்தும்.

இறால் அலர்ஜிக்கும் டைக்கும் சம்பந்தமில்லம்மா, இறால்ல இருக்குற புரதம்தான் ஒத்துக்காம போகுது. முன்னாடி ஸ்கேனுக்கு டை போட்டப்ப தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தா மட்டும் கண்டிப்பா சொல்லிடுங்க. சுகர் இருக்குறதால டை போடுறதுக்கு முன்னாடி கிட்னிக்கு கிரியாட்டினின்ங்கிற ரத்த டெஸ்ட் பாத்துடணும், மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை போடுறாருன்னா நிறுத்தணுமான்னு கேட்டுட்டு போங்க.