வழங்கல் பாதை என்றால் என்ன? பெரிய படைகள்கூட ஏன் அதனால் தோற்கின்றன?

போர்முனையில் நிற்கும் படைக்குச் சோறு, மருந்து, குண்டு எல்லாம் பின்னாலிருந்து வந்து சேரும் வழிதான் வழங்கல் பாதை. படை முன்னேற முன்னேற இந்தப் பாதை நீளும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு குதிரை பூட்டிய வண்டியில் 1,000 கிலோ தானியம் இருக்கிறது. ஒரு குதிரை நாளைக்கு 10 கிலோ தின்னும் என்று வைத்துக்கொண்டால் நான்குக்கும் 40 கிலோ. போக 12 நாள், திரும்பிவர 12 நாள் என்றால் 960 கிலோ குதிரைகளுக்கே சரியாகிவிடும். படைக்கு மிஞ்சுவது 40 கிலோ! வழியில் புல் கிடைத்தால்தான் தப்பிக்கலாம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமக்கிற கதைதான். கிணறு பக்கத்தில் இருந்தால் முக்கால் குடமாவது வீடு சேரும், தூரம் கூடினால் வெறுங்குடம்தான்.

1812 ஜூனில் நெப்போலியன் நீமன் ஆற்றைக் கடந்து ரஷ்யாவுக்குள் நுழைந்தார். ரஷ்யர்கள் பின்வாங்கிக்கொண்டே போனார்கள், போகிற வழியில் தானியக் கிடங்குகளையும் கொளுத்தினார்கள். (கோழைத்தனம் என்று அப்போது ரஷ்யர்களே திட்டினார்கள். என்னைக் கேட்டால் அதுதான் அந்தப் போரின் சாமர்த்தியம்.) செப்டம்பர் 14 அன்று மாஸ்கோ கையில் வந்தது. ஆனால் அங்கே தங்கிச் சாப்பிட வழியில்லை. அக்டோபர் 19 அன்று கிளம்ப வேண்டியதாயிற்று.

‘ரஷ்யக் குளிர்தான் நெப்போலியனைத் தோற்கடித்தது’ என்று பலர் சொல்வார்கள். உண்மையில் பனி விழுவதற்கு முன்பே, அந்தக் கோடை வெயிலிலேயே, பசியாலும் நோயாலும் பல்லாயிரம் வீரர்களும் குதிரைகளும் மாண்டுவிட்டனர்.