நீடியபொறுமை: வெள்ளவத்தைச் சகோதரிக்கு

சகோதரி, மறதி நோயுள்ள மாமியார் ஒரே கேள்வியை நாளுக்கு இருபது தடவை கேட்கிறார், ஞாயிறு ஆராதனையில் பொறுமைக்காக அழுது ஜெபித்துவிட்டுத் திங்கள் காலையிலேயே அவரிடம் சத்தம் போட்டுவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள்.

நானும் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன மாடி வீட்டில் அப்பாவை வைத்துப் பார்த்தவன். "பஸ் வந்துவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பதினேழு வருடம் ஆகியிருந்தது. "உங்களுக்கு இனி பஸ் இல்லை அப்பா" என்று திருத்தித் திருத்தியே களைத்துப்போனேன். ஒருநாள் சலிப்பில், "இன்னும் வரவில்லை, தேத்தண்ணீரைக் குடியுங்கள்" என்றேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசாமல் குடித்தார். அன்றோடு திருத்துவதை விட்டேன்.

வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுலின் நிருபமான கலாத்தியர் 5:22 சொல்வது வெறும் பொறுமையை அல்ல, நீடியபொறுமையை. கிரேக்க மூலத்தில் அது மக்ரோதுமியா, அதாவது கோபம் எழ நெடுநேரம் எடுப்பது. கோபமே வராதிருப்பது என்று அதற்குப் பொருள் இல்லை. அங்கே அதைக் கனி என்றுதான் பவுல் எழுதுகிறார். மாங்கன்று நட்ட மறுநாளே யாரும் கொக்கத்தடியோடு போய் நிற்பதில்லை.

மறதி நோயாளர் பலருக்கு மாலையில் குழப்பம் கூடும். இரவுச் சமையலை மதியமே முடித்துவிடுங்கள். அடுப்படியில் நின்றபடி பதில் சொல்லும்போதுதான் எனக்கும் வாய் நீண்டது. சத்தம் போட்டுவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள், அவர் அதையும் மறந்திருந்தாலும்கூட.

இன்னொன்று. நீங்கள் எழுதியதில் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவருடைய அம்மாதானே? வாரத்தில் இரண்டு மாலையாவது அவர் பக்கத்தில் இருக்கட்டும்.