பிரிட்டனின் பரம்பரைப் பிரபுவாகவும் கடற்படை அதிகாரியாகவும் இருந்தவர்களில் யாருடைய வாழ்க்கை உங்களுக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது?

சென்னை கொருக்குப்பேட்டையில் காக்ரேன் பேசின் ரோடு என்று ஒரு சாலை உண்டு. எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். யார் இந்தக் காக்ரேன் என்று யோசித்ததே இல்லை. ஒருநாள் தேடியபோதுதான் தெரிந்தது. பேசில் காக்ரேன், மெட்ராஸில் கப்பல்களுக்குச் சரக்கு ஒப்பந்தம் எடுத்துக் கொழித்த ஸ்காட்லாந்துக்காரர். சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய்க்குப் பணம் போட்டவர். பின்னாளில் அதுதான் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியானது. சரி, என் பதில் அவரைப் பற்றியது இல்லை. அவருடைய அண்ணன் மகன் தாமஸ் காக்ரேனைப் பற்றியது.

தாமஸ் 1775இல் பிறந்தார். அப்பா ஸ்காட்லாந்தில் டன்டொனால்டின் 9வது ஏர்ல் (பரம்பரைப் பிரபுப் பட்டம்). பட்டம்தான் பெரிசு, கையில் காசு இல்லை. நிலக்கரியிலிருந்து தார் எடுத்துக் கப்பல்களின் அடிப்பாகத்தில் பூசலாம் என்று அப்பா சொத்தையெல்லாம் அதில் கொட்டினார். கடற்படையோ செப்புத் தகட்டுக்குப் போய்விட்டது. கப்பல் கேப்டனாக இருந்த இன்னொரு சித்தப்பா, தாமஸ் சின்னப் பையனாக வீட்டில் இருந்தபோதே தன் கப்பலின் பதிவேட்டில் அவர் பெயரை ஏற்றி வைத்திருந்தார். (ஆள் வராமலே சர்வீஸ் ஏறும் கலை நம் ஊரில் மட்டும் பிறந்ததில்லை!) நிஜமாகக் கப்பல் ஏறியது 1793இல், 17 வயதில்.

முதலில் அவர் தலைமையில் ஒப்படைத்த 'ஸ்பீடி' ஒரு பொடிக் கப்பல். 14 பீரங்கிகள், ஒவ்வொன்றின் குண்டும் 4 பவுண்டு எடை. ஒரு பக்கத்துக் குண்டுகள் மொத்தத்தையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு தளத்தில் உலாவினேன் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆள் ஆறடிக்கு மேல். கேபினிலோ நிமிர்ந்து நிற்க முடியாது. அதனால் மேல் ஜன்னலைத் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, கண்ணாடியையும் சோப்பையும் தளத்தின் மேல் வைத்துச் சவரம் செய்துகொள்வாராம்.

இந்தக் கப்பலை வைத்துக்கொண்டுதான் 1801 மே 6 அன்று 'காமோ' என்ற ஸ்பெயின் கப்பலோடு மோதினார். அங்கே 32 பீரங்கி, 319 பேர். இவரிடம் 54 பேர், அதில் சிறுவர்களும் உண்டு. நேராகப் போய்க் காமோவின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டார். உயரமான கப்பல் என்பதால் அதன் குண்டுகள் எல்லாம் தலைக்கு மேலே பறந்தன. அப்புறம் சுக்கானை டாக்டரிடம் கொடுத்துவிட்டு மற்ற எல்லோரையும் கூட்டிக்கொண்டு எதிரிக் கப்பலில் ஏறினார். சிலர் முகத்தில் கரி பூசியிருந்தார்கள். நடுச்சண்டையில் ஒருவன் போய் ஸ்பெயின் கொடியை இறக்கிவிட, தங்கள் அதிகாரிகள்தான் சரணடைந்துவிட்டார்கள் என்று நினைத்து மாலுமிகள் ஆயுதத்தைப் போட்டார்கள். இவர் பக்கம் செத்தது மூன்று பேர்.

கடலில் இவ்வளவு சூட்சுமமாக இருந்தவருக்குக் கரையில் நாக்கு அடங்காது. அப்பா உயிரோடு இருந்தவரை 'லார்ட்' என்பது வெறும் மரியாதைப் பட்டம், பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. அதனால் நாடாளுமன்றத்தின் மக்கள் சபைக்கே போட்டியிட முடிந்தது. ஹானிட்டன் தொகுதியில் காசு கொடுக்காமல் நின்று தோற்றார். தோற்ற பிறகு, தனக்கு ஓட்டுப் போட்டவர்களுக்குத் தலைக்கு 10 கினி (அந்நாளைய பொற்காசு) கொடுத்தார். அடுத்த தேர்தலில் ஊரே ஓட்டுப் போட்டது. ஜெயித்ததும் ஒரு பைசா கொடுக்கவில்லை! உள்ளே போய்க் கடற்படையின் ஊழல்களைக் கிளறினார். அதற்கிடையே, மெட்ராஸ் பணத்தோடு ஊர் திரும்பியிருந்த சித்தப்பா பேசில் பார்த்துவைத்த பணக்காரப் பெண்ணை விட்டுவிட்டுக் கேதரின் என்ற பெண்ணை ரகசியமாக மணந்தார். சித்தப்பாவின் சொத்தும் போச்சு.

1814இல் நெப்போலியன் செத்தான் என்று ஒரு போலிச் செய்தி லண்டன் பங்குச் சந்தையை ஏற்றியது. செய்தியைக் கொண்டுவந்த ஆள் நேராகப் போய் இறங்கியது காக்ரேன் வீட்டில். இன்னொரு சித்தப்பா அந்த மோசடியில் சம்பந்தப்பட்டிருந்தது உறுதி. இவரும் சம்பந்தப்பட்டிருந்தாரா? தன்னிடமிருந்த பத்திரங்களின் விலை ஒரு சதவீதம் ஏறினாலே விற்றுவிடு என்று தரகரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தவர் இவர். மோசடி தெரிந்தவன் அவ்வளவு அற்ப லாபத்துக்கா விற்பான்? எனக்கு இவர் அநியாயமாக மாட்டிக்கொண்டவராகத்தான் தெரிகிறார். ஆனால் தண்டனை கிடைத்தது. சிறை, 1,000 பவுண்டு அபராதம், கடற்படையிலிருந்து நீக்கம். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் தொங்கிய அவருடைய வீரப்பட்டக் கொடியைக் கழற்றிப் படிக்கட்டில் உதைத்துத் தள்ளினார்கள்.

பிறகு சிலி, பிரேசில், கிரீஸ் என்று பிற நாட்டுக் கடற்படைகளுக்குத் தலைமை தாங்கினார். சிலியில் அவர் பெயர் இன்றும் பெரிய பெயர். 1831இல் ஏர்ல் ஆனார், மறு வருடம் மன்னிப்பு கிடைத்துக் கடற்படைக்குத் திரும்பினார். 1860இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலேயே இடம் கொடுத்தார்கள். உதைத்துத் தள்ளிய கொடி திரும்பவும் மேலே ஏறியது, அடக்கத்துக்கு முந்தைய நாள்.