தும்மலுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் ஒரே மாத்திரை போதுமா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் வேன் ஓட்டுகிறேன், வயது 51. களத்தில் காபிக்கொட்டைத் தூசி பட்டால் தும்மலும் மூக்கொழுகலும் நிற்பதில்லை. மருந்துக்கடையில் தரும் சளி மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன். இரவில் நெஞ்செரிச்சல் இருப்பதால் ஃபமோடிடினும் சாப்பிடுகிறேன். இரண்டுமே ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகள்தான் என்கிறாள் நர்சிங் படிக்கும் என் மகள். அப்படியானால் ஒன்றை நிறுத்திவிடலாமா? இவற்றைச் சாப்பிட்டுவிட்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டலாமா?

பதில்: உங்கள் மகள் சொன்னது சரி, அதிலிருந்து நீங்கள் எடுக்க நினைக்கும் முடிவுதான் சரியில்லை. ஹிஸ்டமின் என்பது நம் உடலே சுரக்கும் ஒரு ரசாயனம். அது ஒன்றே என்றாலும், போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் ஏற்பிகள் நான்கு வகைப்படும். மூக்கிலும் தோலிலும் அரிப்பு, தும்மல், வீக்கம் ஆகியவற்றை உண்டாக்குவது பெரும்பாலும் எச்1 ஏற்பி. இரைப்பையில் அமிலம் சுரக்கும் செல்களைத் தூண்டுவது எச்2 ஏற்பி. மற்ற இரண்டும் உங்கள் கேள்விக்குத் தேவைப்படாதவை. சளி மாத்திரை அடைப்பது எச்1-ஐ, ஃபமோடிடின் அடைப்பது எச்2-ஐ. ஒரு பூட்டின் சாவி மற்றதில் நுழையாது என்பதால், சளி மாத்திரை நெஞ்செரிச்சலைத் தணிக்காது, ஃபமோடிடின் தும்மலை நிறுத்தாது.

நீங்கள் கேட்டிருக்கும் இதே கேள்வி ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களையும் குழப்பியது. 1937-இல் டேனியல் போவே முதல் ஹிஸ்டமின் தடுப்பானைக் கண்டறிந்த பிறகு, அந்த வகை மருந்துகள் ஒவ்வாமையை அடக்கினவே தவிர, ஹிஸ்டமின் தூண்டும் வயிற்று அமிலத்தை அசைக்கவே இல்லை. அப்படியானால் இரைப்பையில் இருப்பது வேறொரு ஏற்பியாக இருக்க வேண்டும் என்று கருதி ஜேம்ஸ் பிளாக்கும் அவருடைய குழுவினரும் நடத்திய தேடலில் பிறந்ததே சிமெடிடின் என்னும் எச்2 தடுப்பான். அது 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. போவேவுக்கு 1957-லும் பிளாக்குக்கு 1988-லும் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே உங்களுக்கு இரண்டு தொல்லைகளும் இருக்கும்வரை இரண்டு மருந்துகளும் தேவைப்படலாம். அவற்றைச் சேர்த்துச் சாப்பிடுவதால் பொதுவாகத் தீங்கு இல்லை. சிலவகைத் தோல் தடிப்புகளுக்கு மருத்துவர்களே இரண்டையும் சேர்த்துத் தருவதுண்டு.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது உங்கள் இரண்டாவது கேள்விதான். எச்1 ஏற்பிகள் மூளையிலும் உள்ளன. அங்கே ஹிஸ்டமினின் வேலை நம்மை விழிப்பாக வைத்திருப்பது. சளி மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்த்து, அதில் குளோர்பெனிரமின் என்ற பெயர் இருக்கிறதா என்று கவனியுங்கள். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கலவை மாத்திரைகளில் அது இருக்கிறது. அது மூளைக்குள் எளிதாக நுழைந்து தூக்கத்தை வரவழைக்கும் பழைய தலைமுறை மருந்து. இரவில் சாப்பிட்டாலும் மறுநாள் காலையில் அதில் கணிசமான பகுதி உடலில் தங்கியிருக்கும். தூக்கம் வருவதாக உணராதவர்களுக்குக்கூட பிரேக்கை மிதிக்கும் வேகம் குறைந்திருக்கும் என்பதால், "எனக்கு ஒன்றும் செய்வதில்லை" என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு இறங்குவது ஆபத்தானது. காபி குடித்துச் சமாளிக்கலாம் என்றால், கண் திறந்திருக்குமே தவிர, மந்தமான கவனம் முழுமையாகத் திரும்பிவிடாது. உங்கள் நெஞ்செரிச்சல் வேறு கூடலாம். மதுவோடு சேர்ந்தால் மந்தம் பல மடங்காகும்.

மலையேறும்போது வாந்தி வராமலிருக்கப் பயணிகள் போட்டுக்கொள்ளும் டைமென்ஹைட்ரினேட், புரோமெதசின் போன்றவையும் இதே குடும்பம்தான். மூளைக்குள் போவதால்தான் அவை குமட்டலை அடக்குகின்றன. பின் இருக்கையில் இருப்பவருக்கு ஏற்ற அந்த மாத்திரை ஓட்டுநருக்கு ஆகாது.

புதிய தலைமுறையில் ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் மிகக் குறைவாகவே நுழைவதால் ஓட்டுநர்களுக்கு நான் பெரும்பாலும் அதையே தேர்ந்தெடுப்பேன். செட்டிரிசினும் லீவோசெட்டிரிசினும் பழையவற்றைவிட மேலானவை என்றாலும், சிலருக்குத் தூக்கத்தைத் தரும். எந்த மாத்திரையானாலும் வண்டி எடுக்காத விடுமுறை நாளில் முதலில் சாப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஆரஞ்சு விளையும் ஏற்காட்டில் இருக்கும் உங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஃபெக்ஸோஃபெனடினை ஆரஞ்சுச் சாற்றோடு விழுங்கினால் மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படாது, எனவே வெறும் தண்ணீரோடு சாப்பிடுங்கள். அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த ஆன்டாசிட் திரவத்தையும் அதே வேளையில் குடிக்காதீர்கள். தூசி வேலை இருக்கும் பருவம் முழுவதும் தொல்லை தொடர்ந்தால், மாத்திரையைவிட மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் களத்தில் அணியும் நல்ல முகக்கவசமும்தான் அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

ஃபமோடிடின் தூக்கம் தரும் வகையைச் சேர்ந்ததல்ல. இரவு நேர அமிலத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தினமும் தொடர்ந்து சாப்பிட்டால் ஓரிரு வாரங்களில் அதன் வலிமை குறையத் தொடங்கும் என்பதால், தேவைப்படும் இரவுகளில் மட்டும் போடுவது நல்லது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். பழைய பழக்கத்தில் இதே எச்2 வகையைச் சேர்ந்த ராணிடிடினுக்கு மாற வேண்டாம், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய என்.டி.எம்.ஏ. என்னும் மாசு உருவாவதால் 2020-இல் அமெரிக்காவில் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது, 2022-இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது. உங்கள் வயதில், நடக்கும்போதோ சுமை தூக்கும்போதோ நெஞ்சு எரிந்தால் அதை அமிலம் என்று நீங்களாகவே முடிவுகட்டாமல் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். விழுங்கச் சிரமம், கருப்பு மலம், எடை குறைதல் ஆகியவை இருந்தால் எண்டோஸ்கோபி தேவைப்படும்.

எஸ்டேட்டில் தேனீ கொட்டி உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால், இந்த மாத்திரைகளை நம்பிக் காத்திருக்கவே கூடாது. அங்கே உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. உடனே 108-ஐ அழையுங்கள்.

தூசியில் இளைப்பும் சேர்ந்து வந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம் என்பதால், சேலத்தில் நுரையீரல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். போகும்போது இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்தம், கண் நீர் அழுத்தம், சிறுநீர் கழிப்பதில் தடை ஆகியவை இருந்தால் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், சளி மாத்திரைக் கலவை அவற்றை மோசமாக்கும். அவர் தோல் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு நாள் குறித்தால், எச்1 மாத்திரைகளை அதற்கு ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் ஒவ்வாமை இருந்தும் தோலில் தடிப்பு எழாமல் போகும்.