லெ பாந்த்யு (தொங்கும் மனிதன்) சீட்டு வந்தால் சாவு என்று அர்த்தமா?

கேள்வியின் சுருக்கம்: மொரீஷியசில் தாத்தா நிலத்தின் பங்குப் பத்திரம் நோத்தேர் (பத்திரம் எழுதும் சட்ட அலுவலர்) அலுவலகத்தில் முடங்கிக் கிடக்கிறது, ஒரு வாரிசு கையெழுத்துப் போட மறுக்கிறார். மார்செய் கட்டில் (குறி பார்க்கும் பழைய பிரெஞ்சு டாரட் சீட்டுக்கட்டு) மூன்று சீட்டு எடுத்ததில் இடப்பக்கம் 8 நீதி, நடுவில் 12 லெ பாந்த்யு, வலப்பக்கம் 13. ஆள் தலைகீழாக இருப்பதால் இது ‘ரிவர்ஸ்’ (கவிழ்ந்து விழுந்த சீட்டு), உயிராபத்து என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

உயிராபத்து இல்லை. ரிவர்சும் இல்லை. இந்தச் சீட்டில் ஆள் தலைகீழாகத் தொங்குவதுதான் நேர்நிலை. ஆளைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள்: ரோமன் எண் மேலேயும் பெயர் கீழேயும் இருந்தால் சீட்டு நேராக இருக்கிறது. அவன் ஒற்றைக் காலில் நின்று ஆடுவது போலத் தெரிந்தால்தான் சீட்டு கவிழ்ந்திருக்கிறது. புதிதாகப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

அடுத்து, எந்தக் கட்டு என்பது முக்கியம். மார்செய் கட்டில் இரண்டு மரம், மேலே ஒரு குறுக்குச் சட்டம். மரத்துக்கு ஆறு கிளை, பன்னிரண்டும் வெட்டப்பட்டு முண்டாக நிற்கின்றன. கயிறு இடது காலில், வலது கால் மடங்கி அதன் பின்னால். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டதால் கட்டியிருக்கிறதா, தானே வைத்துக்கொண்டானா என்று தெரியாது. தலை இரண்டு மண்மேட்டுக்கும் நடுவே, தரைமட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது. முகத்தில் மட்டும் வலி இல்லை, கண் திறந்திருக்கிறது. கழுத்தில் கயிறு விழுந்தவன் முகம் இப்படி இருக்காது.

இந்தக் கோலம் ஓவியனின் கற்பனை அல்ல. 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய நகரங்களில் துரோகிகளையும் கடன் கட்டாமல் ஓடியவர்களையும் ஒற்றைக் காலில் தொங்குவது போலச் சுவரில் வரைந்து மானத்தை வாங்குவார்கள். 1412இல் படைத்தலைவர் முசியோ அத்தென்தோலோ ஸ்ஃபோர்சாவை ரோமில் அப்படி வரைய வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய டாரட் கட்டுகளில் ஒன்று அவர் மகன் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சாவின் மிலான் வீட்டுக்காக வரையப்பட்டது. அதிலும் இந்தத் தொங்கும் ஆள் இருக்கிறான். இத்தாலியில் இந்தச் சீட்டுக்குத் ‘துரோகி’ என்றே ஒரு பெயர் இருந்தது.

1909இல் வந்த ரைடர்–வெய்ட் என்ற ஆங்கில டாரட் கட்டு இதை மாற்றிவிட்டது. அதில் இலை துளிர்த்த உயிர்மரம் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் நிற்கிறது, கயிறு வலது காலில், தலையைச் சுற்றி ஒளிவட்டம். இணையத்தில் ‘சரணாகதி, தியாகம், புதிய பார்வை’ என்று படிப்பதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒளிவட்டத்திலிருந்து வந்தவை. அவன் பத்து நாள் விரதமிருந்து தானாகக் காவடி தூக்குகிறவனைப் போன்றவன். மார்செய் ஆளை யார் தொங்கவிட்டார்கள் என்று படம் சொல்வதில்லை. உங்கள் கட்டில் ஒளிவட்டம் கிடையாது, ஆகவே அந்த அர்த்தத்தை இதில் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். எண்ணிலும் கவனம் தேவை: மார்செய் கட்டில் நீதி 8, ரைடரில் 11. ரைடர் புத்தகத்தில் 8ஐத் தேடினால் சிங்கத்தின் வாயைப் பிடிக்கும் பெண் வருவாள், வாசிப்பே திசைமாறிவிடும்.

உங்கள் மூன்று சீட்டும் சேர்ந்து தெளிவாகவே பேசுகின்றன. நீதியின் கையில் வாளும் தராசும்: விஷயம் சட்டம், பத்திரம், சமபங்கு. நடுவில் இப்போதைய நிலை: கை கட்டிப்போய் நிற்கிறீர்கள், பத்திரம் நகராது. அதோடு பழைய அர்த்தத்தையும் விடாதீர்கள், குடும்பத்துக்குள் யாரோ ஒருவருக்கு ‘துரோகி’ பட்டம் கட்டியாகிவிட்டது. அது மறுக்கிறவராக இருக்கலாம், வற்புறுத்துகிற நீங்களாகவும் இருக்கலாம். மனக்கசப்புதான் கயிறு என்பது என் வாசிப்பு.

13க்குப் பழைய மார்செய் கட்டுகளில் பெயரே அச்சிடுவதில்லை. பயம் பாதி அதனால்தான். படத்தில் எலும்புக்கூடு அரிவாளால் கருமண்ணை அறுக்கிறது. வெட்டுப்பட்ட தலை, கை, கால்களுக்கு நடுவே புல்லும் முளைத்திருக்கிறது. நிலம் பற்றிய கேள்விக்கு மண்ணை அறுக்கும் சீட்டு வந்தால் அது பங்கு பிரிவது, கூட்டுச் சொத்து முடிவது. கொஞ்சம் வலிக்கும், ஆனால் நகரும்.

மேலும் தெளிவு வேண்டுமானால் பாந்த்யுவுக்கு அடியில் ஒரே ஒரு சீட்டு வையுங்கள், கேள்வி: ‘கயிற்றைப் பிடித்திருப்பது எது?’ கட்டின் நான்கு வகைகளில் காசு வந்தால் தொகைத் தகராறு. கோப்பை வந்தால் மனத்தாங்கல், பெரியவர் ஒருவரை வைத்துப் பேசினால் தீரும். வாள் வந்தால் எழுத்திலோ பேச்சிலோ சிக்கல், பத்திரத்தின் வாசகத்தை வரிவரியாகப் பாருங்கள். தடி வந்தால் யாரும் அலைந்து வேலை பார்க்கவில்லை. பிடிக்காத சீட்டு வந்ததென்று மறுபடி குலுக்காதீர்கள், மூன்றாவது குலுக்கலில் எந்தச் சீட்டும் உங்கள் ஆசையைத்தான் சொல்லும்.

அந்த வாரிசு கடைசிவரை மறுத்தால் கோர்ட் வழியாகப் பங்கு கேட்பது எப்படி, செலவு எவ்வளவு என்பதை நோத்தேரிடம் நேரில் கேளுங்கள். அதற்குச் சீட்டு எடுக்கத் தேவையில்லை.