24 கலர் பெட்டி வேண்டாம், ஐந்து டியூப் போதும்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு அக்ரிலிக் வரையத் தொடங்கியிருக்கிறேன். பிச்சாவரத்தில் எடுத்த போட்டோ ஒன்றைப் பார்த்து, சுரபுன்னை மரங்களும் நீரில் அவற்றின் பிம்பமுமாக 16க்கு 20 அங்குல கேன்வாஸில் வரைய ஆசை. கடைக்காரர் 24 கலர் பெட்டியை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? நான் வரையும் தண்ணீர் எப்போதும் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடுகிறது. பெயிண்ட் மட்டமானதா?
- வாசகர், சிதம்பரம்

பதில்: பெட்டி வேண்டாம். அதில் எல்லா டியூபும் ஒரே அளவு, அதுவும் சின்ன அளவு. உங்கள் படத்தில் பெரும்பகுதி வானமும் தண்ணீரும்தான். வெள்ளை சீக்கிரமே தீர்ந்துவிடும். பிங்க்கும் வயலட்டும் மூடி திறக்காமல் கிடக்கும். அந்தப் பணத்துக்குத் தனி டியூபாக ஐந்து வாங்குங்கள்: டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரைன் ப்ளூ, லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு). வெள்ளை மட்டும் 120 மில்லி டியூபாக இருக்கட்டும்.

பச்சை இல்லையே என்று யோசிக்காதீர்கள். ரெடிமேட் பச்சையை அப்படியே வைத்தால் மரமெல்லாம் ஒரே நிறமாக, பிளாஸ்டிக் செடி மாதிரி நிற்கும். அல்ட்ராமரைனும் லெமன் யெல்லோவும் சேர்ந்தால் வருகிற சற்று மங்கிய பச்சைதான் அலையாத்திக் காட்டுக்குப் பொருந்தும். வெயில் படும் இலைக்கு ஆக்கர், உள்ளிருட்டுக்குக் கொஞ்சம் அம்பர். நீலமும் அம்பரும் கலந்தால் கிட்டத்தட்ட கறுப்பே வந்துவிடும். சேற்றில் ஊன்றி நிற்கும் வேர்களுக்கு அது போதும்.

வாங்கும்போது டியூபின் பின்பக்கத்தைப் பாருங்கள். நிறமியின் குறியீடு அச்சிட்டிருப்பார்கள். அல்ட்ராமரைன் என்றால் பிபி 29. ஒரே ஒரு குறியீடு மட்டும் உள்ள டியூபை எடுங்கள். இரண்டு மூன்று நிறமி கலந்ததை நீங்கள் மறுபடி கலக்கும்போது நிறம் அழுக்காகிவிடும். பெயருக்குப் பின்னால் ‘ஹ்யூ’ என்று இருந்தால், அசல் நிறமிக்குப் பதில் வேறொன்றைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். குற்றமில்லை, ஆனால் அசலின் விலை கொடுக்க வேண்டாம். துணிக்கென்று விற்கும் அக்ரிலிக் குப்பிகளும் இந்த வேலைக்கு வேண்டாம். நீர்த்திருப்பதால் இலைக்கொத்து வைத்தால் தூரிகைத் தடம் நிற்காது.

திட்டு விழுவதற்குப் பெயிண்டைக் குறை சொல்ல மாட்டேன். அக்ரிலிக் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். நம் ஊர் வெயிலில் மின்விசிறிக்கடியில் இன்னும் வேகம். தண்ணீர்ப் பகுதியைத் தொடும்போது விசிறியை நிறுத்திவிடுங்கள். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் மீடியம் ஒரு சின்ன புட்டி வாங்கி, லேபிளில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் கலந்துகொள்ளுங்கள். கூடினால் பிசுபிசுப்பு போகவே போகாது. ரிடார்டருக்குப் பதிலாகத் தண்ணீரை நிறைய ஊற்றினாலும் திட்டுதான், பெயிண்டின் பிடிப்பும் போய்விடும்.

அப்புறம், ஒரு அங்குல சிந்தெடிக் ஃபிளாட் பிரஷ் ஒன்று அவசியம். தண்ணீரின் அடிநிறம் ஈரமாக இருக்கும்போதே மரத்தின் நிறத்தைக் கரையிலிருந்து நேர்கீழாக இழுங்கள். பிறகு பிரஷைத் துணியில் துடைத்து, ஈரமில்லாமல், இடமிருந்து வலமாக ஒருமுறை மட்டும் மெல்லத் தடவுங்கள். பிம்பம் குலைந்து நீராகத் தெரிவது அந்த ஒரு தடவலில்தான். இருண்ட மரத்தின் பிம்பம் மரத்தைவிடச் சற்று வெளுப்பாகவும், வானத்தின் பிம்பம் வானத்தைவிடச் சற்று மங்கலாகவும் இருக்கட்டும். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும் என்பதால், கலவையை அட்டைத் துண்டில் தடவிக் காயவிட்டுப் பார்த்த பிறகு கேன்வாஸுக்குப் போங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய வெள்ளை டியூப் உள்ளேயே கட்டியாகியிருந்தது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டிக் கடையில் மறுக்கிறார்கள்.
- வாசகி, மதுரை

பதில்: பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. அப்படித் திரும்பப் பெற்றுப் பணம் தருவதற்குப் பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. டியூபை வெட்டாமல் பில்லோடு போட்டோ எடுத்து, டியூபில் அச்சிட்டுள்ள நுகர்வோர் சேவை முகவரிக்கு முதலில் அனுப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள்.