சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐடியில் வேலை பார்க்கும் அண்ணன் மேக்புக் ஏர் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா, விண்டோஸ் லேப்டாப்தான் வேண்டுமா?

அண்ணன் வேலைக்கு மேக்புக் அருமையாக ஒத்துவரும். உங்களுக்கு விண்டோஸ்தான். ஸ்ட்ரக்சுரல் டிசைன் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஈடேப்ஸ், ஸ்டாட் ப்ரோ, ரெவிட், சிவில் 3டி, டெக்லா. எங்கள் துறையில் நாளெல்லாம் திறந்து கிடக்கும் டிசைன் மென்பொருள்கள் இவைதான். ஒன்றுகூட மேக்கில் நேரடியாக ஓடாது.

"ஆட்டோகேட் மேக்குக்கும் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 90-களில் மேக்கைக் கைவிட்ட ஆட்டோடெஸ்க் (ஆட்டோகேட், ரெவிட்டைத் தயாரிக்கும் நிறுவனம்), 2010-ல் திரும்பக் கொண்டுவந்தது. டிராயிங் திறக்கும், வரையலாம், சேமிக்கலாம். ஆனால் பல ஆபீஸ்களில் யாரோ ஒரு சீனியர் எந்தக் காலத்திலோ எழுதி வைத்துவிட்டுப் போன மேக்ரோக்கள், அதாவது வேலையைத் தானாகச் செய்யும் குட்டி புரோகிராம்கள் இருக்கும். பார் பெண்டிங் ஷெட்யூல் (கம்பி வளைக்கும் அட்டவணை) போட ஒன்று, பீம் டீட்டெயிலிங்குக்கு ஒன்று. அவை இல்லாமல் அங்கே வேலை நகராது. விபிஏவிலோ டாட்நெட்டிலோ எழுதியிருந்தால் மேக்கில் அவை ஓடாது. பெயர் ஒன்று என்பதற்காக இரண்டும் ஒரே ஆட்டோகேட் ஆகிவிடாது.

மேக்கிலேயே விண்டோஸைப் போட்டுக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்லக்கூடும். இன்டெல் சிப் இருந்த காலத்தில் ஆப்பிளின் பூட் கேம்ப் வசதி மூலம் அது நன்றாகவே நடந்தது. 2020-ல் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் (ஆர்ம் வகை) வந்ததும் அந்தக் கதவு மூடியது. இப்போது மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் போன்ற ஒரு மென்பொருளுக்குள் ஆர்ம் சிப்புக்கான விண்டோஸ் 11-ஐத்தான் ஓட்ட முடியும். சின்னச் சின்ன புரோகிராம்கள் அதில் பிரச்சினையில்லாமல் ஓடுகின்றன. ரெவிட்டை அப்படி ஓட்டுவதற்கு ஆட்டோடெஸ்க் ஆதரவு தருவதில்லை. காலையில் ரிவ்யூ, ராத்திரி ஃபைல் திறக்கவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

பலர் கோட்டை விடுவது அடுத்த விஷயத்தில். விண்டோஸ் என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்களும் கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எடை குறைவு, சார்ஜ் நன்றாக நிற்கும், விற்பவரும் அதைத்தான் சொல்வார். ஆனால் அதுவும் ஆர்ம்தான், அதே தலைவலிதான். யூஎஸ்பியில் செருகும் லைசென்ஸ் டாங்கிள் வைத்து ஓடும் மென்பொருள் என்றால் இன்னும் மோசம். ஆர்முக்கென்று தனி டிரைவர் இல்லாவிட்டால் டாங்கிள் செருகியிருப்பதே அதற்குத் தெரியாது. இன்டெல் அல்லது ஏஎம்டி என்று பார்த்து வாங்குங்கள். ரேம் 16 ஜிபிக்குக் கீழே வேண்டாம். ரெவிட், 3டி காட்சிகளை ரெண்டர் செய்யும் லுமியன் என்று போகும் எண்ணம் இருந்தால் என்விடியா கிராபிக்ஸ் கார்டும் சேர்த்து. ஈடேப்ஸ் மட்டும் என்றால் அந்தப் பணத்தை ப்ராசஸரில் போடலாம்.

நீங்கள் ஆர்க்கிடெக்சர் படித்திருந்தால் இவ்வளவு அடித்துச் சொல்லமாட்டேன். ஆர்க்கிகேட், ரைனோ, ஸ்கெட்ச்அப் எல்லாம் மேக்கிலும் உண்டு. மியூசிக் என்றால் கதை தலைகீழ். லாஜிக் என்ற இசை மென்பொருள் ஒரு காலத்தில் விண்டோஸிலும் இருந்தது. 2002-ல் அதைத் தயாரித்த நிறுவனத்தை ஆப்பிள் வாங்கி, விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டது.

ஆட்டோடெஸ்க் மென்பொருள் மாணவர்களுக்கு இலவசம், கல்லூரி அடையாளத்தைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அண்ணனிடம் மேக்புக் காசுக்கு ஒரு விண்டோஸ் லேப்டாப்பும், மிச்சத்தில் 24 இஞ்ச் மானிட்டரும் கேட்டுப் பாருங்கள். லேஅவுட் ஷீட்டை 13 இஞ்ச் திரையில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை.